யானைகளிடம் யார் சொல்வது

யானைகள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன என்பது பழைய செய்தி. என்ன பேசுகின்றன என்று தெரிந்த அன்று செண்பகவல்லி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நாற்காலி பக்கத்தில்தான் இருந்தது. அவள் கண்ணுக்குத் தெரியவில்லை.

கருஞ்சோலை எஸ்டேட்டில் தேயிலை முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் ஒரு பழைய ஓட்டு பங்களா இருக்கிறது. அதுதான் அவளுடைய ஆராய்ச்சி நிலையம். பங்களா என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மழை வந்தால் கணினிக்குக் குடை பிடிக்க வேண்டிய பங்களா. அங்கே அவளும், நாகர்கோவிலிலிருந்து வந்த கிருபாகரன் என்ற கணினிக்காரனும் பல வருடங்களாக ஒரே காரியத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள். யானை அடித்தொண்டையிலிருந்து எழுப்புகிற முழக்கம் மிகவும் தாழ்ந்தது. மனிதக் காதுக்கு எட்டாது, ஆனால் மலை தாண்டிப் போகும். அதைப் பிடிக்கிற மைக்குகளை மரங்களில் கட்டினார்கள். ஒவ்வொரு முழக்கத்துக்கும் பிறகு கூட்டம் என்ன செய்கிறது என்று கேமராவில் பார்த்தார்கள். இரண்டையும் சேர்த்துவைத்துத் தானே கற்றுக்கொள்ளும்படி கிருபா ஒரு நிரல் எழுதி, அதற்குச் 'செவி' என்று பெயரும் வைத்தான். பெயர்தான் செவி. வருடக்கணக்கில் அது ஊமையாகவே கிடந்தது.

அன்று சாயங்காலம் பனி இறங்கும் நேரத்தில் திரையில் தமிழில் ஒரு வரி வந்தது.

'நில்லுங்கள். குட்டிக்குக் கால் வலிக்கிறது.'

இரண்டு பேரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். எதிர்ச் சரிவில் தேயிலைக்கு நடுவே கூட்டம் மொத்தமும் நின்றுவிட்டிருந்தது. நடுவில் ஒரு குட்டி முன்னங்காலைத் தரையில் ஊன்றாமல் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மேடம்" என்றான் கிருபா. மறுபடியும் "மேடம்" என்றான். அப்போதுதான் அவள் தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு செவி நாளுக்கு நாள் தேறியது. யானைகளுக்குப் பெயர் இருந்தது. மனிதர்கள் வைத்த பெயர் இல்லை, அவையே ஒன்றுக்கொன்று வைத்துக்கொண்ட பெயர்கள். ஒவ்வொன்றும் ஒரு தனி முழக்கம். திரையில் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று கூட்டத்தை நடத்திவந்த கிழவிக்குப் பெரியவள் என்றும், அதன் மகளுக்குச் சின்னவள் என்றும் கிருபா தமிழ்ப் பெயர் கொடுத்தான். அந்த மழைக்காலத்தில் ஆற்றோரம் பெரியவள் விழுந்து செத்தது. சாவதற்குமுன் அது எழுப்பிய குரலைச் செவி பிடித்துவைத்திருந்தது. 'சின்னவளே, வா. இங்கே வா.' பிறகு கூட்டம் முழுவதும் உடலைச் சுற்றி நின்று, அதுவரை யாரும் பதிவு செய்யாத ஒரு முழக்கத்தை ஒரே குரலில் எழுப்பியது. அதற்கு மட்டும் செவி பொருள் சொல்லவில்லை, கோடு போட்டுக் காட்டியது. பெரியவளின் எலும்புகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் யானைகள் அதையே எழுப்பின.

இவ்வளவும் எல்லோருக்கும் கிடைத்தது. செண்பகவல்லியின் கட்டளை அப்படி. அன்றன்று பதிவான அத்தனையும் விளக்கு வைப்பதற்குள் இணையத்தில் ஏறிவிட வேண்டும், யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சியைப் பணம் கட்டினால்தான் படிக்கலாம் என்று பூட்டிவைக்கிற பத்திரிகைகளைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஊர்க்காசுல படிச்சோம், ஊர்க்காசுல ஆராய்ச்சி பண்றோம். அப்புறம் ஊருக்கே கதவைச் சாத்துறதா?" என்பாள். பெங்களூரிலிருந்து நிதி கொடுக்கும் அறக்கட்டளைக்கும் இந்தப் பேச்சு இனித்தது.

சும்மா பேச்சும் இல்லை அது. தொழிலாளர் குடியிருப்பான பாடியில் பேச்சியம்மாள் என்றொருத்தி இருந்தாள். கொழுந்து கிள்ளுகிறவள். அவள் கணவன் பனிமூட்டத்தில் ஃபேக்டரிக்குப் போகும்போது கொண்டை ஊசி வளைவில் யானை எதிரில் போய் மாட்டி உயிரைவிட்டவன். அதே வளைவைத் தாண்டித்தான் அவள் மகள் இசக்கி பள்ளிக்கூட பஸ் பிடிக்க வேண்டும். நிலையத்து வாசலில் வந்து நின்று, "எப்பத் தருவீங்க டாக்டரம்மா? அது பேசுறது எங்க போனுக்கும் கேக்கணும்" என்று கேட்டவள் அவள்தான். மரத்து மைக்குகள் பிடிப்பதைப் போன் தமிழில் சொல்லும்படி முதலில் செவி ஏறியதும் பாடிக்காரர்களின் போன்களில்தான்.

ஏறிய சில நாளிலேயே பேச்சியம்மாளும் கொழுந்துக்காரப் பெண்களும் பனிக்குள் அந்த வளைவை நெருங்கினார்கள். அவள் இடுப்பில் செருகியிருந்த போன் மெதுவாகப் பேசியது. 'நில்லுங்கள். அங்கே மனிதர்கள் இருக்கிறார்கள். பயந்திருக்கிறார்கள். மெல்லப் போவோம்.'

பெண்கள் அப்படியே நின்றார்கள். "அடியாத்தே, நம்மளப் பத்தில்ல பேசிக்கிடுது" என்றாள் ஒருத்தி. வளைவுக்கு அந்தப் பக்கம் கிளை ஒடிகிற சத்தம் கேட்டு, பிறகு அதுவும் அடங்கியது. இத்தனை வருடமாக யானைக்குப் பயந்துகொண்டிருந்த பெண்களுக்கு, யானை தங்களுக்காக ஒதுங்கிப் போகிறது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. அன்று முழுவதும் பாடியில் யாருக்கும் வேலை ஓடவில்லை.

இந்த மட்டும் எல்லாம் நன்றாகத்தான் போனது. பக்கத்து மலையில் ஒரு சொகுசு விடுதிக்காரர் இருந்தார். வந்து தங்குகிறவர்கள் யானை பார்க்க வேண்டும், அதுவும் புல்தரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே பார்க்க வேண்டும். இணையத்தில் இறைந்து கிடந்த பதிவுகளில் தேடியெடுத்தார் மனிதர். எந்தக் குரலுக்கு யானை உடனே ஓடிவரும்? பதிவுகளுக்குப் பக்கத்திலேயே செண்பகவல்லி ஒழுங்காகக் குறிப்பு எழுதிவைத்திருந்தாள்: 'தாய் மகளை அழைத்தல்.' போதாதா? பெரிய ஒலிபெருக்கி ஒன்று வாங்கி, செத்துப்போன பெரியவளின் குரலை ஒவ்வொரு சாயங்காலமும் போட ஆரம்பித்தார்.

சின்னவள் ஓடினாள், கூட்டத்தையும் இழுத்துக்கொண்டு. புல்தரையைச் சுற்றிச் சுற்றித் தேடினாள். கூப்பிடுகிற குரல் இருக்கிறது, அம்மாவின் வாசனை இல்லை. கை தட்டிப் படம் எடுத்தார்கள் வந்தவர்கள். அவள் திரும்பத் திரும்பச் சொன்னது செவியில் விழுந்துகொண்டே இருந்தது. 'அம்மா, எங்கே? அம்மா, எங்கே?'

செண்பகவல்லி வனத்துறை ரேஞ்சரிடம் போய் நின்றாள். அவர் நல்ல மனிதர்தான். "என்னம்மா பண்றது? பாட்டுத்தான் போட்டோம்னு சொல்றாங்க. போய் நின்னு பாத்தேன், என் காதுக்கு ஒண்ணுமே கேக்கல. கேக்காத பாட்டுக்கு நான் எதை வச்சுக் கேஸ் போட?" என்றார்.

தேடித் தேடிக் கிடைக்காத சின்னவளுக்கு ஒரு நாள் வெறி பிடித்தது. விடுதியின் சுற்றுச்சுவரைத் தள்ளினாள், திரும்பும் வழியில் பாடிக்குள் புகுந்து பேச்சியம்மாள் வீட்டுச் சமையலறைச் சுவரையும் இடித்தாள். நல்ல வேளை, ஆள் யாரும் உள்ளே இல்லை. ஆனால் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்துவிட்டது. கும்கி யானைகளைக் கொண்டுவந்து, மயக்க ஊசி போட்டு, சின்னவளைப் பிடித்து முகாமில் அடைக்க வேண்டும். கும்கிகள் லாரி ஏறிவிட்டன என்று ரேஞ்சர் தகவல் சொன்னார். தலைமை போனால் அந்தக் கூட்டம் சிதறிப் போகும். குட்டிகள் பிழைக்காது.

செண்பகவல்லி கொதித்துப் போனாள். "எல்லாத்தையும் இழுத்து மூடு கிருபா. பதிவு, குறிப்பு, போன்ல இருக்கிற செவி, ஒண்ணு விடாம."

"மூடலாம் மேடம். அந்தக் குரலை எத்தனை பேர் எடுத்து வச்சிருக்காங்களோ? வெளிய போனது போனதுதானே."

"பரவாயில்ல, மூடு."

மூடின செய்தி பாடிக்குப் போய்ச் சேர்ந்ததுமே பேச்சியம்மாள் மேலே ஏறி வந்துவிட்டாள். சுவர் இடிந்ததற்குக்கூட அவள் இவ்வளவு கோபப்படவில்லை. "பண்ணினது எவனோ, தண்டனை எங்களுக்கா? நாளைக்குக் காலம்பற எம்மவ அந்த வளைவைத் தாண்டிப் போவா. போன் பேசாது. என்ன செய்யச் சொல்லுதீங்க?"

திறந்து வைத்தாலும் தப்பு, மூடி வைத்தாலும் தப்பு. இத்தனை வருடம் மேடையேறிப் பேசிய பேச்செல்லாம் செண்பகவல்லியைப் பார்த்துச் சிரிப்பதுபோல் இருந்தது. கிருபா பால் ஊற்றாத கட்டன் காபி போட்டுக் கொண்டுவந்தான். காபியைக் கையில் வாங்கியதும் பேச்சியம்மாளின் குரல் இறங்கிவிட்டது.

"அந்தச் சின்னவ மேல எனக்குக் கோவம் வரமாட்டேங்குது டாக்டரம்மா. இசக்கி அப்பா செத்துப் போனப்ப, அவரு போன்ல அனுப்பின பேச்சு ஒண்ணு எங்கிட்ட இருந்துச்சு. 'ஏ இசக்கி, அப்பா வாரேன்'ன்னு. அவ அப்பச் சின்னப் பிள்ளை. அதைப் போட்டுப் போட்டுக் கேப்பா, கேட்டுட்டு வாசலுக்கு ஓடுவா. நாந்தான் ஒரு நா மடியில வச்சுச் சொன்னேன். அப்பா இல்லம்மா, இது பழைய குரலு, அவ்வளவுதான்னு. அழுதா. அப்புறம் வாசலுக்கு ஓடல."

செண்பகவல்லி காபியைக் கீழே வைத்தாள்.

"கிருபா, நாம எல்லாருக்கும் பொதுன்னு சொன்னோமே, அந்த எல்லாருல யார் யாரைச் சேர்த்தோம்?"

"உலகத்துல உள்ள எல்லாரையும்தான் மேடம்."

"விடுதிக்காரனைச் சேர்த்தோம். பேச்சிக்காவைச் சேர்த்தோம். யாரோட பேச்சோ, அவங்களைச் சேர்த்தோமா? அவங்க அம்மா குரல் நம்ம கையில இருக்குன்னு அந்தக் கூட்டத்துக்கிட்ட ஒரு வார்த்தை சொன்னோமா? கேட்டுட்டா எடுத்தோம்?"

கிருபா அவளையே பார்த்தான். "யானைகிட்டப் போய்ச் சொல்லணும்னா சொல்றீங்க?"

"வேற யார் சொல்றது?"

வார்த்தைகள் போதவில்லை. யானைப் பேச்சில் 'பதிவு' என்று ஒரு சொல் கிடையாது, 'ஒலிபெருக்கி' கிடையாது, 'பொய்' கூட இல்லை. கையில் இருந்தவை மிகக் கொஞ்சம். பெரியவளின் பெயர் இருந்தது. செவி பொருள் சொல்ல மறுத்த எலும்பு முழக்கமும் இருந்தது. பெயரைச் சொல்லி, உடனே அந்த முழக்கத்தை எழுப்பினால் புரியுமா? வேறொரு யானையின் குரலில் அதைப் போட்டுவிடலாம் என்றான் கிருபா.

"இரவல் குரல் வேண்டாம்பா. அந்தப் பாவத்தைத்தான் அவன் பண்ணிட்டிருக்கான். என் குரல்லயே சொல்றேன். நீ தாழ்த்தி மட்டும் கொடு" என்றாள் அவள்.

அன்று பகல் முழுவதும் மைக் முன்னால் உட்கார்ந்து, முழக்கத்தின் ஏற்ற இறக்கத்தை வாய் மூடி முனகிப் பழகினாள். முதலில் கிருபாவுக்குச் சிரிப்பு வந்தது. மத்தியானத்துக்குமேல் வரவில்லை.

சாயங்காலம் விடுதிக்குப் போகிற வழியில், சரிவின் நடுவே ஜீப்பை நிறுத்தினார்கள். நிலையத்துப் பெரிய ஒலிபெருக்கியைப் புல்லில் இறக்கி வைத்தார்கள். நானும் வருவேன் என்று பேச்சியம்மாள் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பக்கத்து மலையில் விடுதிக்காரர் தன் வேலையைத் தொடங்கிவிட்டார். திரையில் 'சின்னவளே, வா' என்று வரி ஓடியது. சோலைக்குள்ளிருந்து கூட்டம் பாய்ந்து வந்தது. முன்னால் சின்னவள்.

செண்பகவல்லி மைக்கைப் பிடித்து முதலில் பெரியவளின் பெயரை முனகினாள். ஒலிபெருக்கி அதைத் தாழ்த்தி, பூமிக்குள் இறக்கி அனுப்பியது. காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. மூன்று பேருடைய நெஞ்சும் அதிர்ந்தது. பிறகு எலும்பு முழக்கம். மறுபடியும் பெயர், மறுபடியும் முழக்கம்.

ஓடிவந்த கூட்டம் நின்றது. அத்தனை உடம்பும் ஒரே கணத்தில் நின்றதில் தேயிலைச் செடிகள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தன. காது அசையவில்லை, வால் அசையவில்லை. பக்கத்து மலையிலிருந்து அம்மாவின் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. சின்னவள் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள், இந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு ஒலிபெருக்கியிடம் வந்து முகர்ந்தாள். அதில் ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் ஜீப்பை நோக்கி நடந்தாள்.

"அசையாதீங்க" என்றான் கிருபா, உதடு அசையாமல்.

தும்பிக்கை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. ஈரமாக, கனமாக, மண் வாசனையோடு செண்பகவல்லியின் கையைத் தொட்டு, தோளைத் தொட்டு, கடைசியில் அவள் தொண்டையில் வந்து நின்றது. குரல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்துவிட்டாள்! செண்பகவல்லி கண்ணை மூடிக்கொண்டாள். பயமா என்றால் இல்லை. இத்தனை பெரிய உயிர் தன்னை இத்தனை மெதுவாகத் தொடுகிறதே என்று அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. தொண்டை தானாக முனகியது, கருவி இல்லாமல், வெறும் மனிதக் குரலில். பெரியவளின் பெயர்.

சின்னவள் பதில் சொன்னாள். ஜீப்பின் கண்ணாடிகள் கிடுகிடுவென்று நடுங்கின. திரையில் கோடுதான் வந்தது. இதுவரை யாரும் கேட்காத புதுச் சொல். பின்னால் நின்ற கூட்டம் எலும்பு முழக்கத்தை எழுப்ப, மலை முழுக்க அது பரவியது. பேச்சியம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். யானைகள் விடுதிப் பக்கம் திரும்பவே இல்லை, ஆற்றை நோக்கி இறங்கிப் போய்விட்டன.

அதற்குப் பிறகு விடுதிக்காரர் எத்தனை சத்தமாகப் போட்டும் ஒரு யானையும் எட்டிப் பார்க்கவில்லை. லாரியில் வந்த கும்கிகள் வேலை இல்லாமல் தீனி தின்றுவிட்டு வந்த வழியே திரும்பின. பாடியின் போன்களில் மட்டும் செவியைத் திறந்துவிட்டார்கள். அந்த வளைவு அதே வளைவுதான், ஆனால் இசக்கி பஸ்ஸைத் தவறவிடவில்லை. பெங்களூர் அறக்கட்டளை அம்மாள்தான் போனில் விடாமல் கேட்டாள். "பதிவெல்லாம் மூடிட்டீங்க. அப்போ இந்த ஆராய்ச்சியால சமூகத்துக்கு என்ன பயன்? யார்கிட்டப் பகிர்ந்தீங்கன்னு நான் எழுதறது?"

கோடை மழை விழும் சமயத்தில் கிருபா ஒரு விசித்திரத்தைக் கண்டான். அன்று சின்னவள் சொன்ன புதுச் சொல் வேறு யானைகளின் வாயிலும் வந்தது. முதலில் அடுத்த பள்ளத்தாக்குக் கூட்டம். பிறகு கேரளத்துப் பக்கம். மற்ற ஆய்வாளர்கள் வெளிப்படையாகப் போட்டுவைத்திருந்த பதிவுகளையும் செவிக்குக் கொடுத்துப் பார்த்தான். மலைக்கு மலை, கூட்டத்துக்குக் கூட்டம், அந்தச் சொல் போய்க்கொண்டே இருந்தது.

"பேர் மேடம் அது. யானைங்க பேர் சொல்ற மாதிரியே இருக்கு. ஆனா அந்தப் பேர்ல யானை எதுவும் இல்ல" என்றான். சற்று நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "நீங்கதான் மேடம் அது" என்றான்.

அவன் அதைச் செவியில் 'டாக்டரம்மா' என்று எழுதிவைத்தான். செண்பகவல்லிக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. "என்கிட்ட ஒரு வார்த்தை கேக்காம ஊரெல்லாம் பரப்பியிருக்காங்க பாரு" என்றாள்.

என்ன சொல்லிப் பரப்பினார்கள் என்பது ஒரு காலை நேரத்தில்தான் தெரிந்தது. பேச்சியம்மாள் மூச்சிரைக்க மேட்டில் ஏறி வந்தாள். அவள் கையில் இருந்த போன் பேசிக்கொண்டே இருந்தது. "டாக்டரம்மா, பாடியில எல்லா போனும் உங்களைத்தான் கூப்பிடுது! வாசலை வந்து பாருங்க!"

பங்களா வாசலில், பனிக்குள், இந்தக் காட்டில் யாரும் பார்த்திராத ஒரு பெண் யானை நின்றுகொண்டிருந்தது. வயதானது. காது ஓரமெல்லாம் கிழிந்து, காலெல்லாம் வேற்று மண் அப்பியிருந்தது. எத்தனை மலை ஏறி இறங்கி வந்ததோ.

'டாக்டரம்மா' என்றது போன். பிறகு ஒரு பெயர். 'எங்கே?'

கிருபா அந்தப் பெயரைப் பதிவுகளில் தேடினான். அவன் விரல் நின்றதைப் பார்த்தே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"இளம் ஆண் மேடம். மலைக்கு அந்தப் பக்கம் சமவெளியில, ரயில் தண்டவாளத்துல அடிபட்டுச் செத்திருக்கான். இது அவனோட அம்மா. அந்தப் பக்கத்து ஆளுங்க பதிவு பண்ணிப் போட்டிருக்காங்க. நாலு பக்கக் கட்டுரையே இருக்கு. இவளுக்கு மட்டும் யாரும் சொல்லல."

செண்பகவல்லி வாசல்படியில் உட்கார்ந்தாள். மைக்கை அவன் நீட்டினான். முதலில் பையனின் பெயரை முனகினாள், எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாக. பிறகு எலும்பு முழக்கத்தையும் எழுப்பினாள்.

அந்தத் தாய் நெடுநேரம் அப்படியே நின்றது. தும்பிக்கையை நீட்டி அவள் தொண்டையைத் தொட்டது. பிறகு வழிவிட்டு ஒதுங்கி நின்றது.

பனிக்குள்ளிருந்து இன்னொரு யானை முன்னால் வந்தது. 'டாக்டரம்மா' என்றது பேச்சியம்மாளின் போன், பிறகு வேறொரு பெயரைச் சொல்லி, 'எங்கே?' என்றது. அதன் பின்னால் மேட்டுச் சரிவு முழுக்க இன்னும் பல யானைகள் நின்றுகொண்டிருந்தன.